கொடியேறினதும் குடியை விட்டவர்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் பின்வேலிக்கு அப்பால் ஆமி காம்ப். ஒருநாள் பின்னேரம், வாட்டில் கிடந்த மீன்பிடிக்காரர் சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “ஆமி வாறான், ஓடுங்க!” என்று கத்தத் தொடங்கினார். வாட்டு நர்ஸான நான், அவர்களுடைய ‘மிஸி’, ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினேன். காவல் நிற்கும் சென்ட்ரிக்குக் கேட்டால் யாரைத் தேடி உள்ளே வருவார்களோ தெரியாது.

காய்ச்சல், நடுக்கம், புலம்பல். மூளை மலேரியா என்று டொக்டர் குயினைன் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியாதான். ஆனால் மருந்து ஏற ஏற ஆள் மோசமாகிக்கொண்டே போனார். ஊரடங்கு வேறு. வாவியைக் கடந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வழியில்லை.

கட்டில் விரிப்பிலிருந்து இல்லாத இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த விரல்களின் நடுக்கம் மலேரியா நடுக்கமாக எனக்குப் படவில்லை. அட்மிஷனில் கேட்டதையே அவருடைய மனைவியிடம் திரும்பவும் கேட்டேன்.

“உண்மையச் சொல்லுகா, இவர் குடிக்கிறவரா?”

“முருகன் அறியக் குடிக்கிறல்ல மிஸி.”

“முந்தி?”

“முந்தியெண்டா, விடிஞ்சாக் கசிப்புத்தான். நாலு நாளைக்கு முதல் சித்தாண்டி முருகன் கோயில்ல கொடியேறினதோட, நேத்தி வெச்சு விட்டுட்டார். ஒரு சொட்டும் தொடல்ல.” சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை.

“அட கடவுளே! மறுகா ஏன் வந்த உடன சொல்லல்ல?”

“விட்ட மனிசன எதுக்கு மிஸி குடிகாரனெண்டு சொல்ற?”

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. டொக்டரிடம் ஓடினேன். வருசக்கணக்கான குடியைச் சடாரென்று நிறுத்தினால் இப்படிப் புத்தி பேதலிக்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். அதற்கு டயசிபாம் ஊசி வேண்டும். அது பூட்டி வைத்துக் கணக்குக் காட்ட வேண்டிய மருந்து. ஆமி செக்பொயின்ற்றில் மருந்துப் பெட்டி மறிபட்டதால் அலுமாரியில் சொற்பம்தான் மிச்சம்.

“செல் குண்டு விழுந்து பிள்ளையள் வலிப்போட வந்தா என்ன செய்யிற மிஸி?” என்றார் டொக்டர்.

“வந்தாப் பாப்பம் சேர். இவர் வந்துட்டார்!”

என் வாய் எப்போதும் அப்படித்தான். அவர் பதில் சொல்வதற்குள் கட்டில் கடகடவென்று ஆடியது. வலிப்பு. டொக்டர் அலுமாரித் திறப்பை என் கையில் திணித்தார். மருந்து கூடினால் மூச்சு அடங்கிவிடும். அவர் மெல்ல மெல்ல ஏற்ற, நான் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் நடுக்கம் குறைந்து கண் விழித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மிஸி, எனக்குச் சாராயமா ஏத்தினீங்க? நேத்தி முறிஞ்சிற்றா?”

“இல்ல, மருந்துதான்.”

மனிசன் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

இப்போது நர்ஸாகி வாட்டுக்கு வரும் பிள்ளைகளே, குடிக்கிறாரா என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது விட்டார் என்றும் கேளுங்கள். அன்று ஊரில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தார்கள். விட்டவர்தான் சாகக் கிடந்தார்.