சத்தம் வராத கோப்பை

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெண் வீட்டு வாசலில் பீங்கான் உடைப்போம். சத்தம் கேட்டுப் பேய் ஓடிவிடுமாம். உடைத்ததை மணமக்கள் இருவர் மட்டுமே பெருக்க வேண்டும். எங்கள் ஊரில் பேய் யார் நெஞ்சிலும் ஏறி உட்கார்ந்ததாக எனக்குத் தெரியாது. பீங்கான் ஆலையின் தூசிதான் உட்கார்ந்தது.

என் பெரியம்மா ஹெர்த்தா அந்த ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தார். சூளைக்குப் போகும் முன், காய்ந்த கோப்பைகளின் பிசிறைக் கத்தியால் சுரண்டுகிற வேலை. மாலையில் புருவம் வெளுத்து வீடு திரும்புவார். ஐம்பத்தெட்டு வயதில் மாடிப்படி ஏற முடியவில்லை. ஆலை மருத்துவர் ஓட்மார், ‘புகைப்பழக்கத்தால் வந்த நோய்’ என்று பதிவில் எழுதினார். பெரியம்மா ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்தவர் அல்ல. அந்த ஒரு வரியைக் காட்டியே, இது தொழில்நோய் இல்லை என்று பத்து வருடம் அவர் இழப்பீட்டு மனுவைத் தள்ளினார்கள். கடைசி விசாரணைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எழுதியது தவறு என்று ஓட்மாரே சொன்னால்தான் உண்டு. பெரியம்மாவின் கடிதங்களுக்கு அவர் பதில் போடவே இல்லை.

அந்த ஓட்மாரின் பேரன் யானிக்கைத்தான் என் தங்கை ஸ்வென்யா காதலித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெரியம்மா ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்ததுமே அம்மா அவரிடம் ஓடினாள்.

“அக்கா, இன்னிக்கும் நாளைக்கும் வாயைத் திறக்காதே. பொண்ணு வாழப்போற வீடு.”

“திறக்கலேன்னா எனக்கு மூச்சு வராதுடி.”

சொந்தபந்தம் அறுபது பேர் பியரோடு நின்றார்கள். குந்தர் மாமா ஒரு பழைய கழிப்பறைப் பீங்கானைத் தூக்கிவந்து போட்டு உடைத்தார். “யானிக், இனிமே நீ நிம்மதியா உக்காரறதுக்குன்னு இருந்த ஒரே இடம் இதுதான். அதுவும் போச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். ஓட்மாரும் ஒரு தட்டை உடைத்துக் கைதட்டு வாங்கினார்.

பெரியம்மா பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். கடைசி நாளில் ஆலையிலிருந்து கொண்டுவந்தது, சுடாதது. ஓட்மாரின் காலடியில் போட்டார். சத்தமே வரவில்லை. மண்ணாங்கட்டி போல நொறுங்கியது. அதைக் குதிகாலால் தேய்த்தார். வெள்ளைப் புழுதி கிளம்பியது.

“சத்தம் வராதது கணக்குல சேராது ஹெர்த்தா,” என்றார் குந்தர் மாமா.

ஓட்மார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

“ஏன் டாக்டர் மூக்கைப் பொத்துறீங்க?”

“சும்மா, பழக்கம்மா.”

“ஆலையில எங்க வேலைக்கூடத்துக்கு வர்றப்பவும் வாசல்லயே நின்னு பொத்திக்குவீங்களே, அந்தப் பழக்கமா? எங்க யாருக்கும் ஒரு கைக்குட்டை குடுங்கன்னு எழுதலையே.”

ஓட்மார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். யானிக் துடைப்பத்தை எடுத்தான்.

“பெருக்காதே, பறக்கும்,” என்றாள் ஸ்வென்யா. ஈரத் துணி கொண்டுவந்து மண்டியிட்டுத் துடைத்தாள். யானிக்கும் பக்கத்தில் மண்டியிட்டான்.

மறுநாள் விருந்தில் ஓட்மார் மணமக்கள் மேசையில் இருந்தார். பெரியம்மாவின் நாற்காலியை அம்மா கதவோரம் போட்டிருந்தாள். “அங்க காத்து வரும்” என்றாள்.

தாங்கள் கண்டதை மணமக்கள் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு விசாரணைக்கு அனுப்பினார்கள். ஒருவர் மூக்கைப் பொத்தியதை மருத்துவச் சான்றாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது. மனு தள்ளுபடி.

பிப்ரவரியில் பெரியம்மா இறந்தார். அவரை அதுவரை பார்த்தே இராத ஓர் இளம் மருத்துவர் வந்தார். பழைய பதிவைப் புரட்டினார். இறப்புச் சான்றிதழில் ‘புகைப்பழக்கம்’ என்று எழுதினார்.