சாம்பல் அங்கிக்குள் ரேடியோ

அங்கியை முழுசாகக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். தலை துணிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கும், வாய் முந்திக்கொள்ளும். "அந்தக் குழாயை ஒழுங்கா மூடினாத்தான் என்ன? சொட்டுச் சொட்டுன்னு கேட்டுக்கிட்டே உள்ள நிக்கிறேன், உசிரே போகுது. யார்கிட்ட போய்ச் சொல்றது?" பாத்திரம் கழுவுகிறவர், மருந்து கலக்குகிற பெண், வாசல் காவலாளி, யார் கிடைத்தாலும் சரி. ஒருவரும் கிடைக்காவிட்டால் துடைப்பத்திடம் சொல்வாள். கொக்குக் குஞ்சுகளின் கூண்டுக்குள் அடக்கிவைத்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி வரும்.

அங்கே எல்லோருக்கும் அவள் ரேடியோ அக்கா. குடும்பத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. அவள் அப்பாவின் தங்கை தூக்கத்திலும் பேசியவள். அந்த அத்தையின் மூத்த மகள், பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையைக் கேட்ட கேள்விக்கும் தானே பதில் சொன்னவள். அம்மா வழியில் ஒரு பெரியம்மா, பல்லைப் பிடுங்கும்போதே வைத்தியரோடு சண்டை போட்டவள். இரண்டு பக்கத்து ரத்தமும் இவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ வாயைத் திறக்கவே கூடாத வேலை.

ஏரிக்கரையை அகலப்படுத்திச் சாலை போட்டபோது நாணலையெல்லாம் வழித்தெடுத்தார்கள். உள்ளே இருந்த கொக்கு முட்டைகளில் உடையாததைப் பொறுக்கி வந்து, இந்தப் பறவை வளர்ப்பு நிலையத்தில் சூட்டுப் பெட்டியில் வைத்துப் பொரிக்கிறார்கள். ஆள் தோளுயரம் வளர்கிற பெரிய சாம்பல் கொக்கு. பொரித்ததும் குஞ்சு யாரைப் பார்க்கிறதோ அவர் பின்னால்தான் போகும். மனித முகமும் மனிதக் குரலும் பழகிவிட்டால் தீர்ந்தது கதை. போன முறை ஏரியில் விட்ட பறவை ஒன்று, மாமன் வீட்டுக்குப் போவதுபோல் தூண்டில்காரர்களிடம் நேரே போய், தூண்டில் முள்ளோடு மீனை விழுங்கிச் செத்தது.

அதற்குத்தான் அந்த அங்கி. உச்சந்தலை முதல் கணுக்கால் வரை சாம்பல் துணி, கண்ணுக்கு நேரே வலை, வலது கையில் கொக்குத் தலைபோல் ஓர் உறை. அந்த அலகால்தான் புழுவை ஊட்டவேண்டும், சேற்றைக் கிளறிக் காட்டவேண்டும். தைத்துக்கொடுத்தவர் அவள் புருஷன், தையல்காரர். அளவெடுக்கும்போதே, "உன் வாயை மூடவைக்கச் சம்பளமும் தர்றாங்களே, அந்த மகராசங்களை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார்.

"பாருங்க, பாருங்க. அங்க மிச்சம் பண்றதையும் சேர்த்து வீட்டுக்கு வந்து பேசுறேனா இல்லையான்னு பாருங்க."

சொன்னபடிதான் செய்கிறாள்.

வாயை மூடினால் மற்றதெல்லாம் பேசுகிற உடம்பு. கூண்டுக்குள் அவள் கால் பெருவிரல் தரையைக் கீறிக்கொண்டே இருக்கும். இடது கை அங்கிக்குள் சட்டைப் பித்தானைத் திருகும், விடும், மறுபடி திருகும். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். சேற்றைச் சுற்றுவாள், நாணலைச் சுற்றுவாள், வந்த வழியே திரும்புவாள். குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் ஓடும். நடந்து நடந்தே அவள் வளர்க்கிற குஞ்சுகளுக்குக் கால் உரமாகிவிடும். "சும்மா நின்னா யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு தோணுது" என்பாள்.

அவளிடம்தான் அந்தக் கடைக்குட்டி வந்து சேர்ந்தது. கடைசியாகப் பொரித்த சவலைக் குஞ்சு, தனித் தடுப்பில் வைத்திருந்தார்கள். எதை நீட்டினாலும் அலகைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் கழுத்தும் தொங்கிவிட்டது. இவளுக்குப் பொறுக்கவில்லை. வலைக்குப் பின்னாலிருந்து, "தின்னுடா ராசா. ஒரே ஒரு வாய்டா" என்று சொல்லிவிட்டாள்.

குஞ்சு அலகைத் திறந்தது. அது திறந்தபின் இவளால் மூடமுடியவில்லை. ஒவ்வொரு புழுவுக்கும் ஓர் அக்கா, தங்கை கதை சொல்லி ஊட்டினாள். மறுநாளும் அப்படியே. குஞ்சு தேறி, மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

பிறகு ஒருநாள் பறவை டாக்டர் வேலிக்கு வெளியே போனில் பேசிக்கொண்டு போனார். சின்ன வயசுப் பெண், கண் மட்டும் கூர்மை. குரல் கேட்டதும் மற்ற குஞ்சுகள் நாணலுக்குள் ஒளிந்தன. கடைக்குட்டி மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு வேலியோரமாக அவர் கூடவே ஓடியது.

டாக்டர் போனை வைத்துவிட்டு வந்தார். "யாரு அக்கா இதுகிட்ட பேசினது?"

ரேடியோ அக்காவின் கை துடைப்பத்தைத் தேடி எடுத்தது. பெருக்கின இடத்தையே பெருக்கினாள். "நான்தான். சாகக் கிடந்துச்சு, வாய் தவறிடுச்சு."

"ஒரு தடவையா?"

"எனக்கு ஒரு தடவையோட நிறுத்தத் தெரியுமா? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படியே விட்டா தூண்டில்காரங்க காலடியிலதான் போய் நிக்கும். விடலைன்னா ஆயுசுக்கும் கூண்டு. ஆளைக் கண்டா ஓடணும்னு இதுக்குப் புரியணும்."

"அவ்வளவுதானே? காவலாளியை உள்ள அனுப்புங்க. அந்த மூஞ்சியைப் பார்த்தா நானே ஓடுவேன்."

"அது பழகினது உங்க குரலுக்கு அக்கா. உங்க குரலுக்குத்தான் பயப்படணும்."

அன்று வீட்டில் அவள் பேசவில்லை. மடித்துவைத்த துணிகளைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். புருஷன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

மறுநாள் அங்கி இல்லாமல், தன் முகத்தோடு, தட்டும் கரண்டியுமாகக் கூண்டுக்குள் போனாள். "டேய்" என்றாள். கடைக்குட்டி குரலை அடையாளம் கண்டுகொண்டு, சிறகை விரித்தபடி அவளிடமே ஓடிவந்தது. தட்டை அடித்தாள். அது நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் ஓர் எட்டு வைத்தது.

"வராதே. என்கிட்ட வராதே. யார்கிட்டயும் வராதே. போடா, போய்த் தொலைடா."

அடங்கிக் கிடந்த குரலெல்லாம் எழும்பியது. தட்டு நெளிய நெளிய அடித்துக்கொண்டே துரத்தினாள். குஞ்சு கால் தடுக்கி விழுந்து, எழுந்து, நாணலுக்குள் பாய்ந்து மறைந்தது.

வெளியே வந்தவளிடம் டாக்டர் அங்கியை நீட்டினார். "பயந்து கிடக்கும், உள்ள போங்க. அதுக்கு இப்போ அம்மா வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கும் இதேதான் அக்கா. ஏரிக்குப் போற வரைக்கும்" என்றார்.

அவள் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நாணல் அசைந்தது. கடைக்குட்டி ஓடிவந்து சாம்பல் துணியின் மடிப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. வலது கையின் அலகு குனிந்து அதன் கழுத்தைக் கோதிக்கொடுத்தது. கால் பெருவிரல் அசையவில்லை. துணிக்குள்ளே அவளுடைய இடது கை மேலே போய், தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டது.