நெஞ்சு உயரத்தில் பிளக் பாயின்ட்

வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் மாதம் வந்தது. ஒரு தடவைகூட க்ளெய்ம் கேட்காத என்னிடம் பழைய கம்பெனி தொகையை ஏற்றிக் கேட்டது. எரிச்சலில், மலிவாகத் தருவதாகச் சொன்ன வேறொரு கம்பெனியின் ஏஜென்டைக் கீழ்க்கட்டளையில் இருக்கும் என் வீட்டுக்கு வரவழைத்தேன்.

“வெள்ளம் வராத வீடுன்னா இன்னும் குறையும் சார். இங்க தண்ணி நிக்குமா?” என்று கேட்டார்.

“எங்க தெருவுலயா? ஒரு சொட்டு நிக்காது.”

மாடி போர்ஷனை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களிடம் பல வருடங்களாகச் சொல்லிப் பழகிய பொய். நாக்கு தடுமாறவே இல்லை.

அவர் தலையாட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இன்சூரன்ஸ் எடுப்பதற்கு முன், ஒரு பெருமழையில் தண்ணீர் இங்கே முழங்கால் வரை வந்தது. அதன் பிறகுதான் பிளக் பாயின்ட்டுகளையெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். அது எனக்கு நினைவு வருவதற்குள் அவர் கண் அங்கே போய்விட்டது.

“பிளக் எல்லாம் ஏன் சார் இவ்ளோ மேல இருக்கு?”

“எனக்கு இடுப்பு வலி தம்பி. குனிய முடியாது.”

சமையலறையில் என் மனைவி செருமினாள்.

ஏஜென்ட் ஃபாரத்தை மெதுவாக மடித்தார். “எதிர் வீட்டு சாரும் நேத்து இதையேதான் சொன்னார். உங்க தெருவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ்தான் சார் அவசரம்.”