பேர் போடாத வசனம்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் பலகையக்கா. வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, நேற்றைய எழுத்தை ஈரத்துணியால் துடைத்து, அது காய்கிற வரைக்கும் சாக்பீஸோடு காத்து நின்று, ஒரு வேத வசனம் எழுதிவிட்டுத்தான் உள்ளே போவாள். பதினோரு வருஷமாக இந்த ஊழியம். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்தப் பக்கம் வருகிற டாக்டர்கள்கூட நின்று வாசித்துவிட்டுப் போவார்கள். தாங்கள் எழுதுகிற மருந்துச் சீட்டை நினைத்துக்கொள்வார்களோ என்னவோ.

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முப்பது வயதில் வேலைக்கு வந்தவள். இப்போது ஐம்பத்திரண்டு. பலகை கைக்கு வந்த புதிதில் நாட்காட்டியில் அன்றன்றைக்கு என்ன வசனம் போட்டிருக்கிறதோ அதைத்தான் எழுதினாள். ஒரு தடவை சலவைத்தூள் டப்பா இரண்டு காணாமல் போயின. மறைந்திருக்கிற எதுவும் வெளிக்கு வராமல் போகாது என்கிற வசனம் மறுநாள் பலகையில் வந்தது. சத்தியமாக அது நாட்காட்டி கொடுத்த வசனம். ஆனால் சாயங்காலத்துக்குள் இரண்டு டப்பாவும் அலமாரிக்குப் பின்னால் இருந்து கிடைத்துவிட்டன. கிடைத்த விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று நாக்கில் பட்ட ருசி அவளை விடவில்லை. நாட்காட்டி போய், அவளே தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள். இஸ்திரி மெஷின்காரர் தன் வேலையைப் பற்றிப் பீற்றிக்கொண்டால், மறுநாள் பலகையில் அகந்தையைப் பற்றி ஒரு வசனம். இரண்டு பேர் வம்பளந்தால், அடுத்த காலையில் நாக்கைப் பற்றி ஒரு வசனம். வாயைத் திறக்காமலே காரியம் முடிந்தது. யாரும் சண்டைக்கு வரவும் முடியாது. வந்தால் வேதத்தோடல்லவா மல்லுக்கு நிற்க வேண்டும்?

வீட்டிலும் இந்தப் பழக்கம் நுழைந்தது. கணவர் குழாய் வேலை செய்கிறவர். அவருடைய முகக்கண்ணாடிக்கு மேலே கோபத்தைப் பற்றி ஒரு வசன அட்டையை ஒட்டிவைத்தாள். ஊருக்கெல்லாம் குழாய் பூட்டுகிறவர் வீட்டில் சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகியது. கடைசியில் ஒருநாள் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே அவர் கேட்டார்:

"ஒழுகுற வீடும் சண்டைக்காரப் பெண்டாட்டியும் ஒண்ணுன்னு ஒரு வசனம் இருக்காமே. அதை எப்ப எழுதப்போற?"

முதலில் குழாயை முடியுங்கள் என்றாள். அவர் முடித்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, இன்றைக்கு யாரைப் பார்த்து எழுதினாய் என்று விசாரித்தார். வசனம் யாரையும் பார்த்து எழுதுகிறதில்லை, அதில் யார் பேரும் இல்லை என்று இவள் வெடுக்கென்று சொன்னாள்.

"மொட்டைக் கடுதாசி போடுறவனும் அதைத்தான் சொல்வான், பேர் போடலையேன்னு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவள் இரண்டு நாள் பேசவில்லை.

பதினோரு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட எழுதாத வசனம் ஒன்று உண்டு. உன் சகோதரனிடம் குற்றம் கண்டால், நீயும் அவனும் தனித்திருக்கும்போது போய்ச் சொல் என்பது அது. ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடமே செய்துவைத்தவள்தான். பலகைக்கு அது நீளம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தாள்.

மடிப்பு மேசையில் அவளுக்கு ஒன்பது வருஷமாக ஒரே ஜோடி. அவளைவிட எட்டு வயது இளையவள், வாய் அதிகம் பேசாதவள். எல்லாரும் ஜோடிக்காரி என்றே கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பு மடிப்பது ஒருத்தியால் ஆகிற வேலையில்லை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதற வேண்டும். நீளவாக்கில் மடித்து, மறுபடி மடித்து, பிறகு ஒருத்தி நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் வார்டின் பெயர் கறுப்பு மையில் அச்சிட்டிருக்கும். ஓரத்தில் வார்டுக்கு ஒரு நிறத்தில் நூல் தையல்: அறுவைக்குச் சிவப்பு, பிரசவத்துக்கு நீலம், குழந்தைகளுக்கு மஞ்சள். அதைப் பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும்.

இரண்டு மாதமாக ஜோடிக்காரி சரியில்லை. தினமும் பத்து நிமிஷம் தாமதம். சாப்பாட்டுக்குப் பிறகு போர்வை அடுக்கின்மேல் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவாள். மடிக்கும்போதோ, விரிப்பின் மூலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். அங்கே என்ன புதையலா என்று இவள் ஒருதரம் இடித்தாள். அவள் சிரித்து மழுப்பினாள். முந்நூறு என்பது இருநூற்று நாற்பது ஆயிற்று. கணக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதப்படும். இந்த வயதில் தனக்கும் கெட்டபெயரா என்று பலகையக்காவுக்கு உள்ளே புகைந்தது.

என்னம்மா ஆச்சு உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதிரே இரண்டு கை தூரத்தில்தான் நின்றாள்.

கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், சோம்பேறியை எறும்பிடம் போய்ப் புத்தி படித்துக்கொள்ளச் சொல்லும் வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதினாள். புதன்கிழமை அதைத் துடைக்கவில்லை. வியாழக்கிழமையும் துடைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரே வசனம் மூன்று நாள் நின்றது அதுதான் முதல் தடவை. ஜோடிக்காரி உள்ளே நுழைந்ததும் இஸ்திரி மெஷின்காரர், "எறும்பு வந்தாச்சு, இனி வேலை பறக்கும்" என்றார். கூடமே சிரித்தது. ஜோடிக்காரி தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்கு வந்தாள். பலகையக்கா மட்டும் சிரிக்கவில்லை. அம்பு எய்தவள் சிரிக்கக் கூடாது என்பது அவள் பழகிவைத்திருந்த நுணுக்கம்.

வியாழக்கிழமை கண்காணிப்பாளர் பலகைக்கு முன்னால் நின்று, மூன்று நாளாக இதுவே இருக்கிறதே, யாருக்கு இது என்று கேட்டார். வசனம் எல்லாருக்கும்தான் சார் என்றாள். சொல்லிவிட்டு மடிப்பு மேசையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே இன்னும் ஆள் வந்திருக்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அவரும் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் ஜோடிக்காரி பின்கட்டில் அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்குப் போக வேண்டும். வார்டுகளில் இருந்து ரத்தமும் சீழும் வாந்தியுமாக வருகிற துணிகளை முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு பிரிக்கிற இடம். சில சமயம் ஊசிகூட மடிப்புக்குள் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே யாரும் தங்கியதில்லை. அன்று பலகையக்கா வீட்டுக்குப் போய் நன்றாகவே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜோடிக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையில் இருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

பலகையக்காவின் கை சோற்றில் நின்றது. ஒன்பது வருஷமாக ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி இவள் பக்கத்தில் நின்று பாடுகிறவள். பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்கும்போது மட்டும் எப்போதும் கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவள். உன் கண்ணாடி வீட்டில் இருக்கிறதா, இன்னும் கடையிலேயே இருக்கிறதா என்று இவளே எத்தனை தடவை எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறாள்.

ஜோடிக்காரி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். மகள் வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அதற்குமேல் பலகைதான் புத்தகம். வசனமெல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் என்பதால், முதல் இரண்டு எழுத்தைக் கூட்டிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். எல்லார் முன்னாலும் நின்று பார்த்து எழுத வெட்கம். அதனால் மற்றவர்கள் உள்ளே போகிறவரைக்கும் வெளியே ஒதுங்கி நின்று, பிறகு எழுதிக்கொண்டு வருவாள். அதில்தான் அந்தப் பத்து நிமிஷம். விரிப்பு மூலையில் இருக்கிற பெயரையும் இப்போது கூட்டிப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் நூல் நிறத்தை வைத்து ஒப்பேற்றினாள். போன வாரம் 'பிரசவம்' என்று தானாகவே படித்துவிட்டாள்.

"பின்பக்க வாசல் வழியா போனா பலகை கண்ணுல படாதுக்கா. நீங்க எழுதுறதை ஒரு துண்டுத்தாள்ல எனக்கும் எழுதி வெச்சீங்கன்னா போதும். வேலை எங்க கொடுத்தா என்ன."

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பென்சில் எழுத்துகள் காற்றில் சாய்ந்த செடிகள்போல நின்றன. கடைசிப் பக்கத்தில் எறும்பு வசனம், மூன்று நாளும் மூன்று துண்டாக.

"இது ரொம்ப நீளம். ஒரு நாள்ல முடியல. மறுநாளும் இருந்துச்சு, அதுக்கு மறுநாளும் இருந்துச்சு. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு அப்பவே தெரியும். எனக்காகத்தானே துடைக்காம விட்டீங்க?"

பலகையக்கா தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"எறும்பு எறும்புன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுத்துக் கூட்டுறது தெரிஞ்சுபோச்சேன்னு ஒரே வெட்கமா இருந்துச்சு. நீங்க மட்டும்தான் சிரிக்கல."

எழுதித் தருகிறேன் என்று பலகையக்கா சொன்னாள். அவள் வாயில் வந்தது அவ்வளவுதான். டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். இப்படியே விட்டுவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. தினம் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் நன்றிகூடக் கிடைக்கும். அந்த நன்றியை நினைத்தபோதுதான் குழாயை மூடினாள். தனித்திருக்கும்போது போய்ச் சொல் என்பது எத்தனை சின்ன வசனம். பலகையில் இரண்டு வரிக்குமேல் வராது.

கண்காணிப்பாளர் தன் அறையில் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஜோடிக்காரியை மாற்ற வேண்டாம், அவள் சோம்பேறியில்லை என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மா. நானாத்தானே முடிவு பண்ணேன்."

"சொல்லல சார். பார்த்தேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு, அதெல்லாம் சரி, பின்கட்டில் ஆள் இல்லை, ஒருத்தர் போயே ஆக வேண்டும், யார் போவது என்று கேட்டார். இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். அறைக்குள் வரும்போதே தெரியும். ஆனாலும் முழங்கால் வலி ஞாபகம் வந்தது, பின்கட்டின் நாற்றம் ஞாபகம் வந்தது, வேறு யாராவது பெயர் அவர் வாயில் வருமா என்று காத்தாள். அப்படிக் காத்த அரை நிமிஷத்தை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன் சார்."

"முதுகுவலி, குனிய முடியாதுன்னு போன வருஷம் எழுதிக் கொடுத்தீங்களே?"

"அது கொஞ்சம் கூட்டி எழுதினது."

அவர் சிரிப்பாரோ என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. உத்தரவுச் சீட்டில் ஜோடிக்காரியின் பெயரை அடித்து இவளுடையதை எழுதினார்.

மடிப்பு மேசைக்கு அவள் திரும்பி வந்தபோது மற்றவர்கள் உலர்த்தும் பக்கம் போயிருந்தார்கள். திங்கட்கிழமை நான் பின்னால் போகிறேன், நீ இங்கேயே இரு என்றாள். ஜோடிக்காரி ஏன் என்றாள். இவள் சொன்னாள். மூன்று நாள் துடைக்காமல் விட்டது எதற்கு என்று சொன்னாள். யாரைப் பார்த்து எழுதினாள், கண்காணிப்பாளர் கேட்டபோது எங்கே பார்த்தாள் என்று எல்லாம் சொன்னாள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தையையும் சொன்னாள். அது கையில் ஒட்டிய சாக்பீஸ் தூள்போல இருந்தது.

ஜோடிக்காரி விரிப்பின் ஒரு முனையை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவங்க சிரிச்சது?"

"அதுக்குத்தான்."

"நீங்க சிரிக்காம இருந்தது?"

பலகையக்கா மேசைமேல் கிடந்த நூல் பிசிறை எடுத்து விரலில் சுருட்டினாள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றாள் ஜோடிக்காரி. "நானா படிச்ச முதல் முழு வசனம் அதுதான்."

அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குவியலில் இருந்து அடுத்த விரிப்பை எடுத்தாள், தன் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீட்டினாள்.

"பிடிங்க."

பலகையக்கா பிடித்தாள். உதறினார்கள், மடித்தார்கள், மறுபடி மடித்தார்கள். பிறகு இவள் நடந்துபோய்த் தன் முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணை நிமிர்த்த முடியவில்லை. நாலு மணிக்குள் முடிக்க வேண்டிய விரிப்புகள் இன்னும் நூற்றிருபது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கைவரைக்கும் போய்வந்தாக வேண்டும்.