ரெஜினாவின் இடது கை

கணவனை ஏற்றிக்கொண்ட ஸ்டாஃப் பஸ் அணுபுரத்து வளைவில் திரும்பும் சத்தம் அடங்கியதும் ரெஜினா நான்கு கோட்டு நோட்டை விரித்துப் பென்சிலை இடது கையில் எடுத்துக்கொள்வாள். பிறவியிலேயே வலது கைக்காரி. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அல்லாடியபடி, ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்துக் கர்சிவ் எழுதுவாள். அந்த அரைமணி நேரம் அவளைக் கூப்பிட்டுப் பயனில்லை. சவுக்குத் தோப்புக் காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போடும். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோன நாட்களும் உண்டு.

எல்லாம் மகள் பிரதீபாவுக்காக. ஆறு வயது, இடது கைக்காரி. போன வருஷம் சேர்த்த பள்ளியில் மிஸ் பென்சிலைப் பிடுங்கிப் பிடுங்கி வலது கையில் திணித்ததில் குழந்தைக்குப் பென்சிலே ஆகாமல் போய்விட்டது. கண்டாலே இரண்டு கைகளையும் தொடைக்கடியில் ஒளித்துக்கொள்ளும். புத்தகத்தைக் கொடுத்தால் மளமளவென்று வாசிக்கும். எழுத மட்டும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். ஒருநாள் ரெஜினா, "போதும், வூட்லயே படிக்கலாம் வா" என்று யூனிஃபார்மை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள்.

கணவன் ஜெபக்குமார் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். நல்ல மனிதன்தான், ஆனால் கெடு வைத்திருக்கிறான். "ஜூன் வரிக்கும் பாக்கலாம் ரெஜி. அதுக்குள்ள பென்சில தொடலன்னா பழையபடி ஸ்கூல்தான். நான் இன்னா பண்றது, நீயே சொல்லு." ஏப்ரல் முடியப்போகிறது.

ஆகவே எந்தக் கர்சிவ் புத்தகத்தில் ஆரம்பிப்பது என்பது ரெஜினாவுக்குத் தலைபோகிற காரியம். தவறானதை எடுத்தால் குழந்தை எழுத்தையே ஒரேயடியாக வெறுத்துவிடுமோ என்று பயம். மூன்று வைத்திருக்கிறாள். ஸ்டேஷனரிக் கடையில் வாங்கியது ஒன்று, சாய்ந்த எழுத்து, புள்ளிகளின் மேல் எழுதிப் பழகவேண்டும். அடுத்த பிளாக் சங்கரி சென்னையிலிருந்து வாங்கி வந்ததில் எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும், சுழிப்பு குறைவு. மூன்றாவது பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்கள். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் யாரோ ஒரு அமெரிக்கத் தாய் தயாரித்தது, பக்கமெல்லாம் அம்புக்குறி. மூன்றையும் தானே இடது கையால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. "கொழந்த கை படற பாடு எனக்குத் தெரிலன்னா நான் இன்னாத்த செலக்ட் பண்றது?" என்கிறாள். மூன்றிலும் ஒரே கதை. எழுதிய வரியின் மேலேயே கை நகர்கிறது. சுண்டுவிரல் ஓரம் கரி, நோட்டு முழுக்க ஈஷல்.

இடது கையைப் பழக்கவேண்டி பல் துலக்குவது, குழம்பு கிளறுவது எல்லாமே இப்போது அந்தக் கையால்தான். மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது மரங்களின் இடைவெளியில் கடல் வந்து வந்து மறையும். அவள் விரல் முழங்காலில் சுழித்துச் சுழித்து எழுதிக்கொண்டே போகும். ஒருமுறை அந்த மயக்கத்தில் கோவளத்தில் போய் இறங்கித் திரும்பி வந்தாள்.

வாசலுக்கு மீன் கொண்டுவரும் செங்கம்மாளிடம் ஒருநாள் பழக்க தோஷத்தில் பாத்திரத்தை இடது கையால் நீட்டிவிட்டாள்.

"இன்னாமா, காலங்காத்தால பீச்சாங்கைய நீட்டற? என் யாவாரம் இன்னாத்துக்கு ஆவுறது?"

"தப்புதான் செங்கம்மா" என்று கை மாற்றியவள், கதவோரம் நின்ற பிரதீபாவைப் பார்த்துவிட்டாள். பாத்திரம் மறுபடி இடது கைக்கு வந்தது. "இதுலயே போடு. இதுவும் கைதான்." செங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சங்கரா மீனை அதிலேயே போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் குழந்தை தானாக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கைகள் வழக்கம்போல் தொடைக்கடியில். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்மா, நோட்ட இன்னாத்துக்கு நேரா வச்சிக்கினு கீற?"

ஒரு கை வெளியே வந்து நோட்டின் மேல்விளிம்பை வலப்பக்கமாகச் சாய்த்தது. "இப்டி வை. கை கீழ போய்டும், அழியாது."

ரெஜினா எழுதினாள். வரி துளிகூட ஈஷவில்லை. மூன்று புத்தகங்களிலும் இல்லாத விஷயம்.

"உனக்கு எப்டி பாப்பா தெரியும்?"

"ஸ்கூல்ல இப்டிதான் வச்சேன். மிஸ்ஸு வந்து வந்து நேராக்கிடுவாங்க."

ரெஜினா நோட்டைச் சாய்த்தபடியே வைத்து அந்தப் பக்கத்தை முடித்தாள்.

அன்றிலிருந்து மூன்று புத்தகங்களும் பீரோவில், யூனிஃபார்முக்கு மேலே. தாயும் மகளும் தினமும் சாய்ந்த நோட்டின் முன்னால் உட்காருகிறார்கள். ரெஜினா எழுதுவாள், குழந்தை விரலால் தொட்டுத் தப்பு சொல்லும். பென்சிலை மட்டும் இன்னும் தொடவில்லை.

இன்று 'எஃப்' எழுத்து. ரெஜினாவின் இடது கைக்கு அது இப்போது சுலபம். நேற்று ஒரு பக்கம் முழுக்க அழகாக எழுதியிருக்கிறாள். இன்றைக்கு வேண்டுமென்றே கீழ்ச்சுழியைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிட்டாள்.

"சே, எனுக்கு வரல பாப்பா."

பென்சிலைக் குழந்தையின் இடப்பக்கமாக உருட்டிவிட்டு, திரையைச் சரிசெய்கிறவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.