தூக்கினால் ஒட்டுமா?

ஏழு அறைகள் கொண்ட நீல மாத்திரை டப்பா அது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தாய்மாமா அதை டீக்கடை மேசைமேல் எல்லோரும் பார்க்க வைப்பார். "உங்களுக்கு சுகர் மாத்திரை, எனக்குக் குரல் மாத்திரை" என்பார். இருபது வயதில் அவருக்கு மனநோய் வந்தது. யாரும் பேசாதபோதும் காதில் குரல்கள் கேட்டன. மாத்திரையில் அவை அடங்கின.

அவர் மறைக்காததை நாங்கள்தான் மறைத்தோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவரை ஏலகிரிக்கு அனுப்பிவிட்டாள். மாலையில் பலாப்பழத்தோடு திரும்பியவர், "இன்னாம்மா, பஜ்ஜியாவது மிச்சம் இருக்குதா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன், அவர் பின்வாங்கவில்லை.

ஆனால் நான் கருவுற்றதும் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கும் வந்துவிட்டால்? இந்த நோய் தாத்தா வழியா, பாட்டி வழியா என்று வீட்டில் ஒரே சண்டை. "சொத்துன்னா அடிச்சிக்கிறீங்க, இதுக்கு ஒருத்தரும் பங்கு கேக்கலியே!" என்று மாமா சிரித்தார். வேலூர் மருத்துவமனைக்குத் துணையாக வந்தவரும் அவர்தான்.

"மத்தவங்களவிட வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். பல மரபணுவும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து வர்ற நோய் இது. குடும்பத்துல இருந்தாலும் பெரும்பாலானவங்களுக்கு வராது" என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. எழுந்தபோது மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தூக்கினா ஒட்டாதில்ல, டாக்டர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையையும் அவர் தூக்கியதே இல்லை. எனக்குக் காது குத்தியபோதுகூட, தாய்மாமன் மடி இருந்தும் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில்தான் உட்கார வைத்தார்கள்.

போன மாதம் பள்ளிகொண்டா கோயிலில் என் மகளுக்குக் காது குத்தினோம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. யார் மடி என்று உறவினர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்க, நான் குழந்தையைக் கொண்டுபோய் மாமா மடியில் வைத்தேன். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டாள். அவளைவிட ஜாஸ்தி மாமா அழுதார். "காது யாருக்குய்யா குத்துறேன்?" என்று ஆசாரி கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு காதும் முடிந்ததும் அம்மா குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். மாமா கொடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா. இப்பதானே தூக்கியிருக்கேன்."