வேலம்மாள் உட்கார்ந்த பந்தி

ருசியைப் பற்றி எங்கள் கேட்டரிங் முதலாளி காசிநாதன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நாக்கு என்பார், கைப்பக்குவம் என்பார். எல்லாம் பொய். அவர் நாக்கு புகையிலையில் செத்துப் பல வருடமாகிறது. அவருக்கு நாக்கு வேலம்மாள் அக்காதான். பதினோரு வருடமாக சாம்பார் வாளி தூக்குகிற நான் சொல்கிறேன்.

அக்காவுக்கு ஊர் மண்ணச்சநல்லூர். முகூர்த்த நாட்களில் விடிவதற்குள் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் மண்டபத்துக்கு வந்துவிடுவார். இலை எடுக்கிற வேலை. பந்தி எழுந்ததும் மேசையில் விரித்த காகிதத்தோடு இலைகளைச் சுருட்டித் தொட்டியில் போட வேண்டும். சுருட்டும்போதே பார்த்துவிடுவார். எது தொடாமல் கிடக்கிறது, எதை வழித்துத் தின்றிருக்கிறார்கள், எதை ஒரு வாய் வைத்துவிட்டு ஓரம் தள்ளியிருக்கிறார்கள், எல்லாம்.

"சாப்பிடறவங்க மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இலைக்கு அந்தப் பழக்கம் கிடையாது" என்பார்.

முதல் பந்தி முடிந்ததும் காசிநாதன் பல் குத்துகிற சாக்கில் தொட்டிப் பக்கம் போய்க் கேட்பார். "கூட்டுல உப்பு தூக்கலுங்க. பாயசம் திகட்டுது போல, கப்புல பாதி நிக்குது" என்று அக்கா சொல்வார். இவர் உள்ளே ஓடிச் சரிசெய்வார். இரண்டாம் பந்தியில் சாப்பிட்டவர்கள் "என்ன கைமணம்!" என்று பாராட்டுவார்கள். இவர் பவ்யமாகக் கும்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமையலை அக்கா ஒரு நாளும் சூடாகச் சாப்பிட்டதில்லை. பரிமாறுகிற எங்களுக்கு அடுப்படியிலேயே தட்டு உண்டு. இலை எடுப்பவர்களுக்கு நாலு மணிக்கு மேல், மிஞ்சினது. ஆறிப்போன சோறு, வாளியடி ரசம், அதுவும் கை கழுவுகிற இடத்தில் நின்றபடியே. யார் போட்ட சட்டமோ! நானும் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டு வாயை மூடித்தான் இருந்தேன். அதற்கு என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். அன்று இலை எடுக்க அக்கா ஒருத்தர்தான். முதல் பந்தி எழுந்ததும் காசிநாதன் வழக்கம்போல் கேட்டார். பின்னால் பெண்ணின் அப்பா நிற்பதை அக்கா கவனிக்கவில்லை.

"மோர்க்குழம்பு அடிபிடிச்சிருக்குங்க. முக்கால்வாசி இலையில குழம்பு பட்ட சோத்தை ஒதுக்கி வச்சிருக்காங்க."

பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்தார். காசிநாதன் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு நாளாவது ஒக்காந்து தின்னுருக்கியா நீ? எச்சில் இலை எடுக்கறவளுக்கு ருசியைப் பத்தி என்னடி தெரியும்?"

எந்த வாய் கேட்கிறது பாருங்கள்! ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிற வாய்.

அக்கா குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். நேராக நடந்துபோய் இரண்டாம் பந்தியில் காலியாக இருந்த ஓர் இலை முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். போகட்டும், அங்கேயும் அதே மோர்க்குழம்புதான்.

இதோடு வேலை போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியும். காசிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இலை முன் உட்கார்ந்தவரை எழுப்புவது பாவம். அதுவும் கல்யாண வீட்டில், பெண்ணைப் பெற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுப்ப முடியுமா?

நான் வாளியோடு போனேன். பருப்பும் நெய்யும் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டிருந்தார். சாம்பார் ஊற்றினேன். விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, சாம்பார் இவ்ளோ சூடாவா இருக்கும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினேன். வேறு என்ன செய்ய?

அக்கா அவசரப்படவில்லை. பொரியல் இன்னொரு தடவை கேட்டார். அப்பளம் கேட்டார். கடைசியில் மோர்க்குழம்பு ஒரு வாய் வைத்து, மென்று விழுங்கிவிட்டு, காசிநாதனைப் பார்த்தார்.

"அடிபிடிச்சதுதாங்க. அதோட வெண்டைக்காயும் சரியா வதங்கலை. இது இலையைப் பாத்தா தெரியாதுங்க, தின்னாத்தான் தெரியும்."

பந்தி எழுந்துவிட்டது. அக்கா பாயசத்தையும் குடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தார். அதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேசை முழுக்க எச்சில் இலைகள்.

"இலையை எடுத்துட்டுத் தொலை" என்றார் காசிநாதன்.

"சாப்பிட்டவங்களே இலை எடுக்கிற வழக்கம் இந்த மண்டபத்துல இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு அக்கா கை கழுவப் போனார்.

காசிநாதன் என்னைப் பார்த்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் எடுத்தது வேலம்மாள் அக்காவின் இலையை.